சின்ன பை-இன் போக்கர் டோர்னமென்ட்டில் எனக்குக் கைகொடுக்கும் வகை எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆறாம்இருக்கை:

ஆன்லைனில் சின்ன பை-இன் (நுழைவுக் கட்டணம்) போக்கர் டோர்னமென்ட்டுகள் மட்டும்தான் ஆடுகிறேன், எல்லாமே நோ லிமிட் ஹோல்டெம் வகை. லாபியைத் திறந்ததும் அந்த நேரத்துக்கு எது கண்ணில் படுகிறதோ அதில் உட்கார்ந்துவிடுவது வழக்கம். ஒருநாள் ஒன்பது பேர் சிட் அண்ட் கோ (ஆட்கள் நிறைந்ததும் தொடங்கும் சின்ன டோர்னமென்ட்), இன்னொரு நாள் ஆயிரம் பேர் வரும் பெரிய டோர்னமென்ட், இடையில் பௌன்ட்டி (ஒருவரை வெளியேற்றினாலே காசு), ஹைப்பர் (மிக வேகமாக முடிவது), எப்போதாவது சாட்டிலைட் (பெரிய போட்டிக்கான டிக்கெட்தான் பரிசு). இனிமேல் ஒன்றையோ இரண்டையோ பிடித்துக்கொண்டு அதில் தேறலாம் என்று ஆசை. எதைப் பிடிப்பது என்பதில்தான் குழப்பம்.

டிராக்கர் (ஆட்டங்களைப் பதிவுசெய்யும் மென்பொருள்) சொல்வது இது. ஆயிரம் பேர் அளவுள்ளவை சுமார் 200, ஆர்ஓஐ (கட்டிய காசுக்கு லாப சதவீதம்) +25%. ஒன்பது பேர் டர்போ (வேகமான) சிட் அண்ட் கோ சுமார் 400, ஆர்ஓஐ -4%. பிகேஓ (பௌன்ட்டி ஏறிக்கொண்டே போகும் வகை) நூற்றைம்பது பக்கம், +10%. ஹைப்பர் கொஞ்சம்தான், அதில் நஷ்டம். பெரிய டோர்னமென்ட் கணக்கில் ஒரு இரண்டாம் இடம் இருக்கிறது, அது மட்டுமே சுமார் 120 பை-இன் கொடுத்தது.

கூட ஆடும் நண்பர் ஒருவர் "லாபம் எங்கே வருகிறதோ அதுதான் உன் ஆட்டம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது" என்கிறார். எனக்கு அது அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை. சிட் அண்ட் கோவில் என்ன செய்கிறோம், ஏன் செய்கிறோம் என்ற தெளிவு இருக்கிறது, பெரிய டோர்னமென்ட்டில் பாதி நேரம் தடவிக்கொண்டுதான் போகிறேன், ஆனால் எண்கள் தலைகீழாக நிற்கின்றன. வார நாட்களில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்காரவும் முடியாது. எண்களை நம்புவதா, மனதில் படுவதை நம்புவதா, வேறு ஏதாவது வழி இருக்கிறதா?


நிதானி:

அந்த 120 பை-இன்னை 200ஆல் வகுத்துப் பாருங்கள், 60% வரும். அந்த ஒரே ஒரு ஆட்டம் மட்டும் பப்பிளுக்கு (பரிசு இடங்கள் தொடங்குவதற்குச் சற்று முந்தைய கட்டம்) முன்னால் முடிந்திருந்தால் இன்றைக்கு உங்கள் டிராக்கர் +25%க்குப் பதிலாக -35% காட்டும், நீங்களும் "பெரிய டோர்னமென்ட் எனக்கு ஒத்துவரவில்லை" என்று எழுதியிருப்பீர்கள். ஆடியவர் அதே ஆள், ஆடிய விதமும் அதேதான். ஆகவே நண்பர் சொல்வதை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள்.

கொஞ்சம் கணக்கு போடுகிறேன், சலிப்பாக இருந்தால் தாண்டிப் போங்கள். ஒன்பது பேர் சிட் அண்ட் கோவில் பரிசு 50, 30, 20 சதவீதம் என்று பிரிந்தால், ரேக்கை (நடத்துபவர் எடுக்கும் கட்டணம்) விட்டுவிட்டுப் பார்க்கும்போது வெல்பவருக்கு 4.5 பை-இன், அடுத்தவருக்கு 2.7, மூன்றாமவருக்கு 1.8. மற்ற ஆறு பேருக்கும் பூஜ்யம். இதன் திட்ட விலக்கம் (முடிவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறும் என்பது) ஒரு ஆட்டத்துக்குச் சுமார் 1.5 பை-இன். ஆயிரம் பேர் டோர்னமென்ட்டில் முதல் பரிசே 150, 170 பை-இன் என்று போவதால் அதே அளவு 8 பை-இன் பக்கம் வந்துவிடும், பரிசு எவ்வளவு மேலே குவிந்திருக்கிறது என்பதைப் பொறுத்துக் கூடக் குறைய இருக்கலாம். 180 பேர் ஆட்டம் என்றால் ஏறக்குறைய 5.

டிராக்கர் காட்டும் சராசரி எவ்வளவு தள்ளிப்போகலாம் என்று பார்க்க, இப்போது இதை ஆட்ட எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். உங்கள் 400 சிட் அண்ட் கோவுக்கு 1.5ஐ 20ஆல் வகுத்தால் 7.5%. அதன் இரண்டு மடங்கு இங்கேயும் அங்கேயும் தள்ளிப்போக இடம் விடுவது வழக்கம் என்பதால், உங்கள் -4% உண்மையில் -19% முதல் +11% வரை எதுவாகவும் இருக்கலாம். சரி, இது மோசமில்லை, ஏதோ ஒரு தகவல் இருக்கிறது. 200 பெரிய டோர்னமென்ட்டுக்கு 8ஐ 14ஆல் வகுத்தால் 57%. இரண்டு மடங்கு 114%. +25% என்று திரையில் தெரிகிற அந்த எண், மாதாமாதம் காசைக் கரைக்கிற ஆளுக்கும் வரும், நன்றாக ஆடுகிற ஆளுக்கும் வரும். அதில் தகவலே இல்லை.

பெரிய கூட்டத்தில் இந்த 57ஐ 10%க்கு இறக்க வேண்டும் என்றால் 6,400 டோர்னமென்ட் ஆட வேண்டும். சிட் அண்ட் கோவில் 5%க்கு இறக்கவே ஆயிரம் ஆட்டத்துக்குள் வேலை முடிந்துவிடும். வார நாளில் இரண்டு மணி நேரம் ஆடுகிறவர் 6,400 முடிப்பதற்குள் ஆட்டத்தின் போக்கே மாறியிருக்கும், நீங்களும் மாறியிருப்பீர்கள்.

ஆர்ஓஐ என்கிற கண்ணாடியை வைத்து உங்கள் பலத்தைத் தேடாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. எதை வைத்துத் தேடுவது என்பதை கட்டைஸ்டாக் வந்து சொல்வார், அவர் ஐசிஎம் (சிப்பைப் பரிசுக் காசாக மாற்றிப் பார்க்கும் கணக்கு) பைத்தியம்.


கட்டைஸ்டாக்:

பைத்தியம் என்று அழைத்ததால் வந்தேன்.

வகைகள் ஒன்றுக்கொன்று எங்கே வேறுபடுகின்றன என்று முதலில் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும். நிறையப் பேர் வேகத்தையும் கூட்டத்தையும் மட்டும் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், ஒரு ஆல்-இன்னை (கையில் உள்ள சிப் மொத்தத்தையும் போடுவது) கால் செய்ய (சமமாகப் போட்டு ஏற்க) எத்தனை சதவீதம் ஜெயிக்கும் கை வேண்டும் என்பதில்தான் ஒவ்வொரு வகையும் தன் குணத்தைக் காட்டுகிறது. எல்லோருக்கும் சிப் ஒன்றுதான், ஆனால் அந்தச் சிப்பின் மதிப்பு வகைக்கு வகை மாறுகிறது.

சிட் அண்ட் கோ பப்பிளை எடுங்கள். நாலு பேர், நாலு பேருக்கும் சமமான சிப், மூன்று பேருக்குப் பரிசு. இப்போது உங்கள் பங்கு மொத்தப் பரிசில் 25%. ஒருவர் ஆல்-இன் போட்டு நீங்கள் கால் செய்து ஜெயித்தால் சிப் இரட்டிப்பாகும், ஆனால் ஐசிஎம் கணக்கில் உங்கள் பங்கு 50% ஆகாது, 38.3%தான் ஆகும். ஏனென்றால் எவ்வளவு சிப் சேர்த்தாலும் முதல் பரிசுக்கு மேல் எடுக்க முடியாது. தோற்றால் பூஜ்யம். 25ஐ 38.3ஆல் வகுத்தால் 65% வருகிறது. பிளைண்டை (ஒவ்வொரு கையிலும் இருவர் கட்டாயமாக முன்பே போடும் சிப்) மறந்துவிட்டுப் பார்த்தால், ஏஸ்-கிங் ஆஃப்சூட் (வெவ்வேறு சின்னம்) எந்த இரண்டு சீட்டுக்கும் எதிராக சராசரியாக ஜெயிப்பதும் அந்த 65% பக்கம்தான். அதாவது எதிராளி சீட்டைப் பார்க்காமலே தள்ளுகிறார் (ஆல்-இன் போடுகிறார்) என்று தெரிந்தாலும்கூட ஏஸ்-கிங் வைத்துக்கொண்டு கால் செய்வதில் பெரிதாக எதுவும் கிடைக்காது.

அடுத்து பிகேஓ. பை-இன்னில் பாதி பரிசுக் குவியலுக்கு, பாதி உங்கள் தலைக்கு. ஒருவரை வெளியேற்றினால் அவர் தலைக்கு உள்ளதில் பாதி உடனே உங்கள் கணக்கில், மீதி உங்கள் தலையில் ஏறும். ஆரம்ப ஸ்டாக் (கையில் உள்ள சிப்) 10,000 என்றும் ரேக் போக பை-இன் 10 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த 10,000 சிப்பை வாங்கியது 5. ஒருவரை வெளியேற்றினால் உடனே கைக்கு வருவது 2.5, அது 5,000 சிப்புக்குச் சமம். இப்போது பிளைண்ட் 250/500, ஆன்டி (எல்லோரும் போடும் கட்டாயச் சிப்) இல்லை, ஸ்மால் பிளைண்ட் (250 போட்டவர்) 5,000ஐத் தள்ளுகிறார், நீங்கள் பிக் பிளைண்ட் (500 போட்டவர்), உங்களிடம் அவரை விட அதிகம். இன்னும் 4,500 போட்டு அங்கே இருக்கும் 5,500ஐ எடுக்க வேண்டும், சாதாரண டோர்னமென்ட்டில் 45% தேவை. இதில் பௌன்ட்டியின் 5,000ஐயும் சேர்த்தால் தேவை 30%க்கு இறங்கிவிடும். முப்பது! சும்மா கிடக்கும் ராணி-நாலு போன்ற கையெல்லாம் கால் ஆகிவிடும்.

சாட்டிலைட் இதற்கு நேர் எதிர். பத்து டிக்கெட், பதினோரு பேர் மீதி, உங்களிடம் நடுத்தர ஸ்டாக், ஓரத்தில் ஒருவர் இரண்டு பிளைண்டோடு (பிக் பிளைண்ட் போல் இரண்டு மடங்கு சிப்) உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஒதுங்கியிருந்தால் 95% டிக்கெட் உங்களுக்கே. உங்களை விடப் பெரிய ஸ்டாக் தள்ளுகிறது, உங்கள் கையில் ஏஸ் ஜோடி. கால் செய்தால் 85%தான் ஜெயிக்கும். முதலில் வந்தவருக்கும் பத்தாவதாக வந்தவருக்கும் ஒரே டிக்கெட் என்பதால் மடித்துவிட (கையை விட்டுவிட) வேண்டும். 2003இல் கிறிஸ் மணிமேக்கர் ஆன்லைன் சாட்டிலைட் வழியாகப் போய் உலகப் போக்கர் தொடரின் 10,000 டாலர் முதன்மைப் போட்டியை ஜெயித்த நாளிலிருந்து எல்லோருக்கும் சாட்டிலைட் மேல் ஒரு கண், ஆனால் அங்கே போயும் சிப் குவிக்கத்தான் நினைக்கிறார்கள். மடிக்கத் தெரிந்த ஆளுக்கு அது நல்ல இடம்.

மூன்று பேர் ஆடும் லாட்டரி வகை சிட் அண்ட் கோ (பரிசு எத்தனை மடங்கு என்று ஆரம்பத்தில் சுழலுமே, அதுதான்) பெரும்பாலும் வென்றவருக்கே எல்லாம் என்பதால் சிப்பும் காசும் ஏறக்குறைய ஒன்று. பாதிக்கு மேல் ஜெயிக்கும் என்றால் போதும், கூசவே வேண்டாம்.

ஒரே கை, ஒரே ஆள், நாலு வகையில் நாலு விடை. இதில் எந்த விடை உங்களுக்கு யோசிக்காமல் வருகிறதோ அங்கே உங்கள் பலம் இருக்க வாய்ப்பு அதிகம். பப்பிளில் ஏஸ்-பத்தை மடிக்கும்போது வயிறு எரிகிற ஆள் சிட் அண்ட் கோவில் எவ்வளவு படித்தாலும் திணறுவார், அதே ஆள் பிகேஓவில் இயல்பாகவே சரியாக ஆடுவார். நீங்கள் சிட் அண்ட் கோவில் தெளிவு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அது வெறும் மனப்பிராந்தி இல்லை, சோதித்துப் பார்க்கக்கூடிய விஷயம்.


பட்டன்பிரியன்:

மேலே இருவரும் எழுதியது எல்லாம் சரி, ஆனால் ஒரு முக்கியமான ஆளை மறந்துவிட்டீர்கள்: எதிரில் உட்கார்ந்திருப்பவர். நான் எதில் கெட்டிக்காரன் என்பதைவிட அவர்கள் எதில் மோசம் என்பதுதான் லாபத்தைத் தீர்மானிக்கும். சிட் அண்ட் கோவில் இன்றைக்கு மிச்சம் இருப்பவர்களில் பாதிப் பேர் தள்ளும் பட்டியலை (எந்தக் கையை ஆல்-இன் போடலாம் என்பது) மனப்பாடம் செய்தவர்கள். 10 பிளைண்டில் இருவர் மட்டும் மிச்சம் இருக்கும்போது சமநிலைப் பட்டியலின்படி (எதிராளி எப்படி ஆடினாலும் சுரண்ட முடியாத ஆட்டம்) ஸ்மால் பிளைண்ட் 58% அளவு கைகளைத் தள்ள வேண்டும், பிக் பிளைண்ட் 37% அளவு கால் செய்ய வேண்டும், இது பல வருடமாகப் பொதுவெளியில் கிடக்கிறது. எல்லோரும் சரியாகச் செய்யும் ஒரு விஷயத்தில் நீங்களும் சரியாகச் செய்தால் யாருக்கு லாபம்? ரேக் வாங்குபவருக்கு.

அந்த ரேக் கணக்கையும் பாருங்கள். 10 பங்கு பரிசுக்கு, 1 பங்கு ரேக் என்று வைத்தால் ஒன்பது பேர் ஆட்டத்தில் மொத்தம் 90, காசுக்குள் வருபவர் சராசரியாக எடுப்பது 30. நீங்கள் கொடுத்தது 11. அப்படியானால் மூன்றில் ஒரு தடவை காசுக்குள் வந்தால் நஷ்டம், 100க்கு 37 தடவை வந்தால்தான் சமம், அதுவும் மூன்று இடங்களும் சமமாக வந்தால். வேகம் கூடக்கூட திறமைக்கு இடம் குறைகிறது, ரேக் மட்டும் அப்படியே நிற்கிறது.

சின்ன பை-இன்னில் காசு எங்கே கிடக்கிறது என்றால் பிகேஓவில், அப்புறம் பௌன்ட்டியை மூடிய உறையில் வைக்கிற மிஸ்டரி வகையில். அங்கே ஜனங்கள் இரண்டு விதமாகத் தப்பு செய்கிறார்கள். ஒரு கூட்டம் பௌன்ட்டியே இல்லாத மாதிரி ஆடுகிறது. இன்னொரு கூட்டம் தன் ஸ்டாக் சின்னதாக இருக்கும்போதும் பௌன்ட்டிக்குப் பாய்கிறது, எதிராளியிடம் நம்மைவிட அதிகச் சிப் இருந்தால் அவரை வெளியேற்றவே முடியாது, பௌன்ட்டியும் கிடையாது என்பதுகூட உறைப்பதில்லை. மிஸ்டரியில் பல இடங்களில் காசுக்குள் வந்த பிறகுதான் உறை திறக்கவே தொடங்கும், அதுவரை பௌன்ட்டி என்று எதுவுமில்லை, ஆனால் முதல் கையிலிருந்தே வேட்டை தொடங்கிவிடுகிறது. இதில் போய் உட்காருங்கள் என்பேன்.

இன்னொன்று, ஆர்ஓஐ மட்டும் பார்க்காதீர்கள், மணிக்கு எவ்வளவு என்று பாருங்கள். 5% ஆர்ஓஐயில் மணிக்கு ஆறு ஆட்டம் என்றால் மணிக்கு 30% பை-இன். 20% ஆர்ஓஐயில் மணிக்கு ஒன்று என்றால் 20%தான்.


கட்டைஸ்டாக்:

பட்டன்பிரியன் சொன்னதில் ஒன்றை மறுக்க வேண்டும். பட்டியலை மனப்பாடம் செய்தவர்கள் நிறைய இருக்கிறார்கள், உண்மை. ஆனால் அந்தப் பட்டியல் சிப் கணக்குக்கானது. இருவர் ஆட்டத்துக்குப் போட்ட 37%ஐ அப்படியே நாலு பேர் பப்பிளில் வைத்துக் கால் செய்கிறார்கள். சின்ன பை-இன் சிட் அண்ட் கோவில் வருகிற லாபத்தில் பெரும்பகுதி அந்த ஒரு தப்பிலிருந்துதான் வருகிறது. தள்ளுவது எல்லோருக்கும் தெரியும், கால் செய்யாமல் இருப்பதுதான் தெரியாது.

பிகேஓ பற்றி அவர் எழுதியது சரி.


மூன்றாம்பந்தயம்:

நேரத்தைப் பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லையே. கேள்வி கேட்டவர் வார நாளில் இரண்டு மணி நேரம்தான் என்று தெளிவாக எழுதியிருக்கிறார். ஆயிரம் பேர் டோர்னமென்ட்டில் கடைசி மேசை வரை போனால் ஆறு, ஏழு மணி நேரம் சாதாரணமாக ஆகிவிடும். இரண்டு மணி நேரம் கழித்து எழுந்துபோக வேண்டிய ஆள், ஆட்டம் சூடுபிடிக்கிற நேரத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், அப்போது எடுக்கிற முடிவுகள் எந்த வகைக்கும் பொருந்தாது. ஆகவே அவருக்கு வார நாளில் பெரிய கூட்டம் என்ற பேச்சே இல்லை, பலமா பலவீனமா என்று ஆராயவும் வேண்டியதில்லை. விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளட்டும்.

லேட் ரெஜிஸ்ட்ரேஷன் (ஆட்டம் தொடங்கிய பின் நுழைவது) விஷயமும் இருக்கிறது. ஒரே டோர்னமென்ட்டில் ஆரம்பத்திலேயே 100 பிளைண்டோடு உட்கார்வதும், பதிவு மூடப்போகும் நேரத்தில் 20 பிளைண்டோடு நுழைவதும் ஒரே வகை இல்லை. முதலாவதில் ஃப்ளாப்புக்கு (முதல் மூன்று பொதுச் சீட்டு) பிறகு ஆடத் தெரிய வேண்டும், டர்னில் (நாலாவது), ரிவரில் (ஐந்தாவது) பெரிய முடிவுகள் வரும். இரண்டாவது ஏறக்குறைய டர்போ சிட் அண்ட் கோ மாதிரி. டிராக்கர் இரண்டையும் ஒரே பெயரில்தான் போடும். நீங்கள் எப்போது நுழைகிறீர்கள் என்பதைத் தனியாகக் குறித்து வைத்தால்தான் உங்கள் 200 எதைச் சொல்கிறது என்று ஓரளவாவது தெரியும். ரீ-என்ட்ரி (வெளியேறியபின் மறுபடி காசு கட்டி நுழைவது) இருந்தால் ஒவ்வொரு நுழைவையும் தனி பை-இன்னாக எண்ணுகிறதா என்றும் பாருங்கள், இரண்டு முறை காசு கட்டி ஒரு முறை பரிசு எடுத்ததை ஒரே பை-இன் லாபமாகப் பார்த்து மகிழ்கிறவர்கள் உண்டு.

இடைப்பட்ட அளவு ஒன்று இருக்கிறது, 45 பேர், 90 பேர், 180 பேர் என்று. சிட் அண்ட் கோவின் பப்பிளும் இருக்கும், கடைசி மேசையும் கிடைக்கும், பெரும்பாலும் டர்போ என்றால் இரண்டரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கையில் எத்தனை பை-இன் இருக்க வேண்டும் என்பதும் இதைப் பொறுத்தே மாறும்: ஒன்பது பேர் ஆட்டத்துக்கு 100 பை-இன் வைத்துக்கொண்டு நிம்மதியாக ஆடலாம், ஆயிரம் பேர் கூட்டத்துக்கு 200, 300 இருந்தாலும் நெஞ்சு படபடக்கும்.


ஆறாம்இருக்கை:

எல்லோருக்கும் நன்றி. 60% கழித்தால் -35% என்பதைப் பார்த்ததும் நண்பருக்கு அப்படியே அனுப்பிவிட்டேன், இன்னும் பதில் இல்லை.

நுழையும் நேரத்தைப் பற்றி மூன்றாம்பந்தயம் சொன்னது சரியாகப் பொருந்துகிறது. பெரிய டோர்னமென்ட்டுகளில் கணிசமான பகுதி லேட் ரெஜிஸ்ட்ரேஷன்தான், வேலை முடிந்து வந்து உட்காரும்போது அதுதான் திறந்திருக்கும். டிராக்கரில் ஸ்டாக் ஆழத்தை வைத்து வடிகட்டிப் பார்த்தேன், 40 பிளைண்டுக்கு மேல் இருக்கும்போது நூறு கைக்கு -6 பிளைண்ட், 20க்குக் கீழே இருக்கும்போது +5. இதிலிருந்து நான் கட்டை ஸ்டாக் (குறைந்த சிப்) ஆள் என்று முடிவு செய்யலாமா? கட்டைஸ்டாக் சொன்ன சோதனை எப்படி?


நிதானி:

அந்த -6க்கும் +5க்கும் அதே வியாதி இருக்கிறது. ஹோல்டெமில் நூறு கைக்குத் திட்ட விலக்கம் 80, 100 பிளைண்ட் அளவு இருக்கும். பத்தாயிரம் கை ஆடியிருந்தால்கூட 8, 10 பிளைண்ட் ஆட்டம் போடும். திசை மட்டும் பாருங்கள், எண்ணைப் பிடித்துத் தொங்காதீர்கள். ஆர்ஓஐயை விட இது பரவாயில்லை, அவ்வளவுதான்.


கட்டைஸ்டாக்:

சோதனை இதுதான். காசு எவ்வளவு வந்தது என்று பார்க்காமல், நீங்கள் எடுத்த முடிவு எத்தனை சரி என்று எண்ணுவது. எடுக்கும் முடிவில் அதிர்ஷ்டம் கலக்காது என்பதால் சில நூறு கைகளிலேயே படம் தெளிவாகிவிடும்.

ஒவ்வொரு வகையிலும் 15 பிளைண்டுக்குக் கீழே நீங்கள் தள்ளிய, மடித்த, கால் செய்த கைகளை மட்டும் எடுங்கள். சமநிலைக் கணிப்பான் (சரியான ஆட்டத்தைக் கணக்கிடும் மென்பொருள்) எதிலாவது போட்டுப் பாருங்கள், சிட் அண்ட் கோ என்றால் பரிசுப் பிரிவையும் கொடுத்து ஐசிஎம்மோடு, பிகேஓ என்றால் பௌன்ட்டியோடு. ஒரு நிபந்தனை, கணிப்பானைத் திறப்பதற்கு முன் உங்கள் விடையைக் காகிதத்தில் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் "நானும் இதைத்தான் நினைத்தேன்" என்று மனசு சொல்லிவிடும். தப்பு எத்தனை என்பதைவிட ஒவ்வொரு தப்பும் எவ்வளவு காசு என்று பாருங்கள், இழுபறிக் கைகளில் வரும் தப்பு ஒரு பொருட்டே இல்லை.

ஆழமான ஸ்டாக்குக்கு இப்படி எளிய விடை கிடையாது. அதற்கு வேறு வழி: வெளியேறிய கடைசிக் கையை விட்டுவிட்டு, அதற்கு முன்னால் ஸ்டாக்கில் கால்வாசிக்கு மேல் போன கைகளைத் தேடுங்கள். எல்லோரும் கடைசிக் கையைத்தான் எடுத்து வைத்துக்கொண்டு அழுகிறார்கள், ஆனால் 45 பிளைண்டை 18 ஆக்கியது பெரும்பாலும் ஒன்றரை மணி நேரம் முன்னால் ரிவரில் செய்த ஒரு கால். அந்தக் கைகளில் "ஏன் கால் செய்தேன்" என்று ஒரு வரியில் எழுத முடிகிறதா என்று பாருங்கள். பாதிக்கு மேல் எழுத முடியவில்லை என்றால் நீங்கள் சொன்ன "தடவிக்கொண்டு போவது" அங்கேதான் நடக்கிறது.

இந்த இரண்டையும் செய்துவிட்டு வார நாளுக்கு ஒரு வகை, விடுமுறைக்கு ஒரு வகை என்று எடுத்துக்கொள்ளுங்கள். என் ஊகம்: வார நாளில் 45 அல்லது 90 பேர் டர்போ, அதில் பௌன்ட்டி இருந்தால் இன்னும் நல்லது.


பட்டன்பிரியன்:

அப்பாடா, கடைசியில் பௌன்ட்டிக்கு வந்துவிட்டார்.


ஆறாம்இருக்கை:

சோதனையை ஆரம்பித்தேன், முதல் கையிலேயே சந்தேகம். சிட் அண்ட் கோ, நாலு பேர் மீதி, எல்லோருக்கும் கிட்டத்தட்ட 10 பிளைண்ட், ஆன்டி இல்லை. ஸ்மால் பிளைண்ட் தள்ளுகிறார், பிக் பிளைண்டில் எனக்கு ஏஸ்-ஒன்பது ஆஃப்சூட். மடித்தேன். காகிதத்திலும் மடி என்றே எழுதினேன். ஆனால் நான் ஏற்கனவே ஒரு பிளைண்ட் போட்டிருக்கிறேன், அப்படியானால் அந்த 65% அப்படியே நிற்குமா?


கட்டைஸ்டாக்:

நிற்காது, நல்ல கேள்வி. மடித்தால் உங்களிடம் 9 பிளைண்ட் மிஞ்சும், அவரிடம் 11. ஐசிஎம்மில் உங்கள் பங்கு 25% இல்லை, 23.3%. அதை 38.3ஆல் வகுத்தால் தேவை 61%. ஏஸ்-ஒன்பது ஆஃப்சூட் எந்த இரண்டு சீட்டுக்கும் எதிராக ஜெயிப்பது 60% பக்கம். ஆக அவர் கண்ணை மூடிக்கொண்டு எல்லாக் கையையும் தள்ளுகிறவர் என்றாலே இது இழுபறி, பாதிக் கைகளை மட்டும் தள்ளுகிறவர் என்றால் சந்தேகமே இல்லாமல் மடி. நீங்கள் மடித்தது சரி.

இதே கை, இதே ஸ்டாக், பிகேஓவில் ஆரம்ப நேரத்தில், அவரைவிட உங்களிடம் அதிகம் இருந்தால்? அதையும் எழுதி வைத்துவிட்டு அடுத்த பத்துக் கைகளைப் போடுங்கள், பார்க்கிறேன்.